வாட் எண் மட்டும் போதுமா?
ஸ்பீக்கருக்கு ஏற்ற பெருக்கியைத் தேர்ந்தெடுக்கும் வழி

வீட்டில் இசை கேட்பதற்கென நல்லதோர் ஒலிக்கருவி வாங்க நினைப்பவர், கடைக்குச் சென்றதும் கேட்கும் முதற்கேள்வி "இது எத்தனை வாட்?" என்பதுதான். விற்பவரும் ஓர் எண்ணைச் சொல்கிறார். எண் பெரிதாக இருந்தால் கருவியும் உயர்ந்தது என்று இருவருமே எண்ணிக்கொள்கின்றனர். ஆனால் 100 வாட் என்று பொறிக்கப்பட்ட ஒரு பெருக்கி, குறிப்பிட்ட ஒரு ஸ்பீக்கரைத் தளர்ச்சியின்றி மணிக்கணக்கில் இயக்குகிறது. அதே 100 வாட் பொறிக்கப்பட்ட வேறொரு பெருக்கி, அதே ஸ்பீக்கருடன் இணைக்கப்பட்டால் சிறிது நேரத்தில் சூடேறித் தானாக நின்றுவிடுகிறது. இரண்டிலும் பொறித்திருக்கும் எண் உண்மையானதே. அப்படியானால் இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

இதற்கான விடை, பள்ளியில் நாம் படித்த ஓம் விதியிலேயே பெரும்பாலும் அடங்கியுள்ளது. அதைத் தெரிந்துகொண்டால் வீண் செலவைத் தவிர்க்கலாம். விலையுயர்ந்த ஸ்பீக்கர் எரிந்துபோவதையும் தடுக்கலாம்.

பெயரில் ஒரு குழப்பம்

ஸ்பீக்கரை நாம் தமிழில் ஒலிபெருக்கி என்கிறோம். உண்மையில் அது எதையும் பெருக்குவதில்லை. மின்னாற்றலை ஒலியாற்றலாக மாற்றுவது மட்டுமே அதன் வேலை. பெருக்கும் வேலையைச் செய்வது ஆம்ப்ளிஃபயர்தான். ஆகவே குழப்பம் நேராதிருக்க, இக்கட்டுரையில் ஆம்ப்ளிஃபயரைப் பெருக்கி என்றும், ஒலி வெளிவரும் பெட்டியை ஸ்பீக்கர் என்றும் குறிப்பிடுவோம்.

இன்றுள்ள ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை, 1925-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய இருவரும் விளக்கி வெளியிட்ட அமைப்பையே பின்பற்றுகின்றன. காந்தப் புலத்தில் ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. பெருக்கியிலிருந்து வரும் மாறுமின்னோட்டம் அதில் பாயும்போது, சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. அதனுடன் ஒட்டப்பட்ட கூம்பு காற்றைத் தள்ளி ஒலியை உண்டாக்குகிறது.

இந்த மாற்றம் எவ்வளவு வீணாக நடைபெறுகிறது என்பது பலருக்குத் தெரியாது. சாதாரணமான வீட்டு ஸ்பீக்கர் ஒன்றுக்கு 100 வாட் மின்திறன் கொடுத்தால், அதில் ஏறத்தாழ 0.3 வாட் மட்டுமே ஒலியாக வெளிவருகிறது. எஞ்சிய 99.7 வாட்டும் பெரும்பாலும் கம்பிச் சுருளைச் சூடாக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. பெருக்கியிடம் நாம் இத்தனை திறனை எதிர்பார்ப்பதற்கு இதுவே முதற்காரணம்.

டெசிபெல் கணக்கு

ஒரு ஸ்பீக்கர் பெற்றுக்கொள்ளும் மின்திறனுக்கு எவ்வளவு ஒலியைத் தரும் என்பதை அதன் உணர்திறன் குறிக்கிறது. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தொலைவில் அளந்தால் எத்தனை டெசிபெல் என்று ஸ்பீக்கருடன் வரும் தாளில் அச்சிட்டிருப்பார்கள். வீட்டு ஸ்பீக்கர்களுக்கு இது பெரும்பாலும் 84 முதல் 90 டெசிபெல் வரை இருக்கும்.

இங்கு இரண்டு விதிகளை மனத்திற் கொள்ள வேண்டும். திறனை இருமடங்காக்கினால் ஒலி மட்டம் 3 டெசிபெல் உயரும். திறனைப் பத்து மடங்காக்கினால் 10 டெசிபெல் உயரும். ஒலி இருமடங்கு உரத்திருப்பதாக நம் காதுக்குத் தோன்றுவதற்கே ஏறத்தாழ 10 டெசிபெல் தேவை. எனவே 50 வாட் பெருக்கியை விற்றுவிட்டு 100 வாட் பெருக்கி வாங்குபவருக்குக் கிடைக்கும் இலாபம் வெறும் 3 டெசிபெல்தான். காதுக்கு அது சிறிய வேறுபாடு. பணப்பைக்கு அப்படியல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 87 டெசிபெல் உணர்திறன் உள்ள இரண்டு ஸ்பீக்கர்கள் ஓர் அறையில் உள்ளன. நீங்கள் 3 மீட்டர் தள்ளி அமர்ந்திருக்கிறீர்கள். ஸ்பீக்கர்கள் இரண்டாதலால் 3 டெசிபெல் கூடும். தொலைவு மும்மடங்காவதால் 9.5 டெசிபெல் குறையும். சுவர்கள் எதிரொலித்துத் திருப்பித் தருவது, அறையைப் பொறுத்து, ஏறத்தாழ 3 அல்லது 4 டெசிபெல். ஆக, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 1 வாட் கொடுத்தால் உங்கள் இருக்கையில் 84 டெசிபெல் அளவில் ஒலி கேட்கும். அதுவே போதுமான உரப்பு. அப்படியானால் 1 வாட் போதாதா?

போதாது. ஏனெனில் இசை ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. வீணையின் மீட்டல் மெல்லென ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிருதங்கத்தின் ஓர் அடி விழுகிறது. கண்ணிமைக்கும் நேரமே நீடிக்கும் இத்தகைய முகடுகள், சராசரி மட்டத்தைவிட 15 முதல் 20 டெசிபெல் வரை உயர்ந்து நிற்கும். 20 டெசிபெல் என்றால் 100 மடங்கு திறன். சராசரியாக 1 வாட் செலவிடும் பெருக்கி, அந்த ஒரு கணத்திற்கு 100 வாட் தரவேண்டும்.

இதே கணக்கில் ஸ்பீக்கரை மட்டும் மாற்றிப் பாருங்கள். 90 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 50 வாட் போதும். 84 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 200 வாட் வேண்டும். 81 டெசிபெல் ஸ்பீக்கருக்கோ 400 வாட் வேண்டும். அமெரிக்கர் பால் கிளிப்ஷ் 1946-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கிளிப்ஷ்ஹார்ன் போன்ற குழலமைப்பு ஸ்பீக்கர்களின் உணர்திறன் 100 டெசிபெலையும் தாண்டும். அவற்றிற்குச் சில வாட்டுகளே மிகுதி.

உணர்திறன் ஏன் குறைகிறது?

அப்படியானால் எல்லா ஸ்பீக்கர்களையும் உயர்ந்த உணர்திறனுடன் செய்துவிட்டால் என்ன? இயற்கை அதற்கு இடங்கொடுப்பதில்லை. பெட்டி சிறிதாக இருக்கவேண்டும், தாழ்ந்த சுரங்கள் நன்கு ஒலிக்கவேண்டும், உணர்திறனும் உயர்ந்திருக்கவேண்டும் என்னும் மூன்று விருப்பங்களில் ஏதேனும் இரண்டைத்தான் பெறமுடியும். அமெரிக்காவில் 1957-இல் தோன்றிய கே.எல்.எச். நிறுவனத்தின் நிறுவனர்களுள் ஒருவரான ஹாஃப்மன் எடுத்துக்காட்டிய இவ்வுண்மை, ஒலித்துறையில் "இரும்பு விதி" என்று வழங்கப்படுகிறது.

கிளிப்ஷ் இரண்டு பண்புகளைக் காப்பாற்றிக்கொண்டு பெட்டியைப் பெரிதாக்கினார். அறையின் மூலையையே அடைத்துக்கொள்ளும் பெட்டி அது. 1954-இல் எட்கர் வில்ச்சர் இதற்கு நேர்மாறான வழியில் சென்றார். காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே சுருள்வில்லாகப் பயன்படுத்தி, ஏ.ஆர்.-1 என்னும் ஸ்பீக்கரைச் செய்தார். அலமாரியில் வைக்கக்கூடிய பெட்டியிலிருந்து ஆழ்ந்த தாழ்சுரம் கிடைத்தது. அதற்கு அவர் கொடுத்த விலை உணர்திறன். அன்றிலிருந்து சிறு பெட்டி ஸ்பீக்கர்கள் பெருகின. வலிய பெருக்கிகளின் தேவையும் கூடவே வளர்ந்தது.

"8 ஓம்" என்பதன் பொருள்

இதுவரை பார்த்தது வாட் கணக்கு. இனி, பலரும் கவனியாமல் விடும் ஆம்பியர் கணக்கைப் பார்ப்போம்.

ஸ்பீக்கரின் பின்புறத்தில் "8 ஓம்" என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இது சாதாரண மின்தடை அன்று. இம்பீடன்ஸ் எனப்படும் மின்னெதிர்ப்பு. ஸ்பீக்கருக்குள் கம்பிச் சுருள் இருக்கிறது. தாழ்சுரத்தை வூஃபருக்கும் உச்சசுரத்தை ட்வீட்டருக்கும் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர் சுற்றில் மின்தூண்டிகளும் மின்தேக்கிகளும் இருக்கின்றன. கூம்பின் அசைவே கம்பிச் சுருளில் ஓர் எதிர் மின்னியக்கு விசையை உண்டாக்குகிறது. இவையெல்லாம் அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறுபவை. ஆகவே "8 ஓம்" ஸ்பீக்கர் ஒன்று 60 ஹெர்ட்ஸில் 30 ஓமாகவும், 150 ஹெர்ட்ஸில் 6 ஓமாகவும், 2,000 ஹெர்ட்ஸில் 15 ஓமாகவும் இருக்கக்கூடும். பொறித்த எண் ஒரு பெயரளவு எண் மட்டுமே.

பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தர வரையறைப்படி, மின்னெதிர்ப்பு எந்த அதிர்வெண்ணிலும் பெயரளவு எண்ணின் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. அதாவது 8 ஓம் ஸ்பீக்கர் 6.4 ஓமுக்குக் கீழே போகக்கூடாது. நடைமுறையில் இவ்வரையறையை எல்லா நிறுவனங்களும் மதிப்பதில்லை. "8 ஓம்" என்று விற்கப்படும் உயர்விலை ஸ்பீக்கர்கள் சில, 3 ஓம் வரைகூட இறங்குவதுண்டு. இரண்டு வூஃபர்களைப் பக்க இணைப்பில் வைத்தாலே மின்னெதிர்ப்புப் பாதியாகிவிடும் என்பதை நினைத்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை.

நீங்களே அளந்து பார்க்கலாம்

இதைச் சிறு செலவில் சோதிக்கலாம். 10 ஓம், 5 வாட் மின்தடை ஒன்றை ஸ்பீக்கருடன் தொடர் இணைப்பில் சேர்த்துப் பெருக்கியுடன் இணையுங்கள். குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒலி எழுப்பும் செயலியைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, அதன் ஒலியைப் பெருக்கிக்குக் கொடுங்கள். ஒலியை மிகவும் தாழ்வாக வையுங்கள். மல்ட்டிமீட்டரை மாறுமின்னழுத்த அளவில் வைத்து, மின்தடையின் முனைகளுக்கிடையேயும் பிறகு ஸ்பீக்கரின் முனைகளுக்கிடையேயும் அளவெடுங்கள். இரண்டிலும் பாய்வது ஒரே மின்னோட்டம். ஆகவே ஸ்பீக்கர் அளவை மின்தடையின் அளவால் வகுத்துப் பத்தால் பெருக்கினால், அந்த அதிர்வெண்ணில் மின்னெதிர்ப்புக் கிடைக்கும். மின்தடையில் 0.50 வோல்ட், ஸ்பீக்கரில் 0.31 வோல்ட் என்றால் மின்னெதிர்ப்பு 6.2 ஓம்.

20 ஹெர்ட்ஸ் முதல் 400 ஹெர்ட்ஸ் வரை படிப்படியாக அளந்து ஒரு வரைபடம் வரைந்தால், தாழ்சுரப் பகுதியில் ஒரு மலையும் அதை அடுத்து ஒரு பள்ளமும் தெரியும். மலிவான மல்ட்டிமீட்டர்கள் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் சரியான அளவைக் காட்டுவதில்லை என்பதால் அதற்கு மேலுள்ள அளவுகளை நம்ப வேண்டாம். இணைக்கும்போது பெருக்கியின் வெளியீட்டுக் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆம்பியர் கணக்கு

8 ஓம் மின்தடைக்கு 100 வாட் கொடுக்கும் பெருக்கி, 28.3 வோல்ட் அழுத்தத்தில் 3.5 ஆம்பியர் மின்னோட்டத்தைத் தருகிறது. இப்போது பெருக்கியின் ஒலிக்கட்டுப்பாட்டைத் தொடாமல் ஸ்பீக்கரின் மின்னெதிர்ப்பு மட்டும் 4 ஓம் ஆகிறது என்று கொள்வோம். அழுத்தம் அதே 28.3 வோல்ட். ஓம் விதிப்படி மின்னோட்டம் 7 ஆம்பியர். திறன் 200 வாட். 2 ஓம் ஆனால் 14 ஆம்பியர்; 400 வாட். 1 ஓம் ஆனால் 28 ஆம்பியர், 800 வாட்.

ஆகவே மின்னெதிர்ப்பு எவ்வளவு இறங்கினாலும் அழுத்தத்தை விட்டுக்கொடுக்காத பெருக்கி, ஓம் பாதியாகும்போதெல்லாம் வாட் இருமடங்காகும் பெருக்கியாக இருக்கவேண்டும். 8 ஓமில் 100 வாட், 4 ஓமில் 200 வாட் என்று நேர்மையாகக் குறிப்பிடப்படும் பெருக்கியின் மின்வழங்கி வலிமையானது. 8 ஓமில் 100 வாட், 4 ஓமில் 130 வாட் என்று குறிப்பிடப்படுவது, மின்னோட்டம் கேட்டால் தளர்ந்துவிடும் இயல்புடையது. கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த இரு 100 வாட் பெருக்கிகளின் வேறுபாடு இதுவே.

இதை வீட்டுக் குழாய்த் தண்ணீரோடு ஒப்பிடலாம். மேல்நிலைத் தொட்டி உயரத்தில் இருக்கிறது. ஒரு குழாயைத் திறந்தால் தண்ணீர் பீறிட்டு வருகிறது. அதே நேரத்தில் வேறு மூன்று குழாய்களையும் திறந்தால்? வரும் குழாய் பருமனாக இருந்தால் எல்லாவற்றிலும் நன்றாக வரும். மெலிதாக இருந்தால் எதிலும் சொட்டத்தான் செய்யும். தொட்டியின் உயரம் மின்னழுத்தம். திறந்த குழாய்களின் எண்ணிக்கை ஸ்பீக்கரின் குறைந்த மின்னெதிர்ப்பு.

பெருக்கிக்குள் தொட்டியின் வேலையைச் செய்பவை பெரிய மின்தேக்கிகள். தண்ணீரை ஏற்றும் மோட்டாரின் வேலையைச் செய்வது மின்மாற்றி. நம் நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வருவதால், முழு அலை திருத்தியின் வழியே ஒரு வினாடிக்கு 100 முறை, அதாவது 10 மில்லிவினாடிக்கு ஒருமுறை, தொட்டி நிரப்பப்படுகிறது. அந்த 10 மில்லிவினாடியில் ஸ்பீக்கர் 10 ஆம்பியர் இழுத்தால் வெளியேறும் மின்னூட்டம் 0.1 கூலும். மின்தேக்கி 20,000 மைக்ரோஃபாரட் என்றால் அழுத்தம் 5 வோல்ட் குறையும். 45 வோல்ட் மின்வழங்கிக்கு இது தாங்கக்கூடிய குறைவு. 4,700 மைக்ரோஃபாரட் மட்டுமே இருந்தால் 21 வோல்ட் குறைந்து, ஏறத்தாழப் பாதி அழுத்தம் போய்விடும். பெருக்கியின் விலை எதில் செலவிடப்பட்டிருக்கிறது என்பதை இந்த ஒரு கணக்கே காட்டிவிடும்.

இரண்டு கடினமான ஸ்பீக்கர்கள்

வரலாற்றிலிருந்து இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம். 1980-களில் அமெரிக்காவில் அப்போஜி நிறுவனம் சிண்டில்லா என்னும் ஸ்பீக்கரை வெளியிட்டது. அதில் கூம்பும் இல்லை. கம்பிச் சுருளும் இல்லை. காந்தப் புலத்தில் தொங்கும் மெல்லிய அலுமினிய நாடாவே மின்னோட்டத்தைத் தாங்கி அதிர்ந்து ஒலி எழுப்பியது. நாடாவின் மின்தடை மிகக் குறைவாதலால், அந்த ஸ்பீக்கரின் மின்னெதிர்ப்பு ஏறத்தாழ 1 ஓம். அக்காலப் பெருக்கிகளில் மிகப் பலவற்றுக்கு அது குறுக்குச் சுற்றுப் போலவே தோன்றியது. 1980-இல் தொடங்கப்பட்ட கிரெல் என்னும் நிறுவனத்தின் பெருக்கிகள் அதை இயக்கிப் புகழ்பெற்றன. அவற்றுள் கே.எஸ்.ஏ.-50 என்பதற்கு 8 ஓமில் வெறும் 50 வாட்தான் அளவு. ஆயினும் 1 ஓமில் 20 வோல்ட் அழுத்தத்தைத் தக்கவைக்க வேண்டுமானால் 20 ஆம்பியர் வேண்டும். அத்தகைய மின்னோட்டத்துக்கென்றே அதன் மின்வழங்கி அமைக்கப்பட்டிருந்தது. வாட் எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர் அதை ஒதுக்கிவிட்டு, அருகிலிருந்த 150 வாட் பெருக்கியை எடுத்துச் சென்று ஏமாந்திருப்பார்.

இரண்டாவது எடுத்துக்காட்டு இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் உருவாக்கி 1957-இல் விற்பனைக்கு வந்த குவாட் நிலைமின் ஸ்பீக்கர். மின்தகடுகளுக்கிடையே மின்னூட்டம் பெற்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளே இதில் அதிர்கிறது. மின்னியல் நோக்கில் இது ஒரு பெரிய மின்தேக்கி. மின்தேக்கியின் மின்மறுப்பு அதிர்வெண் உயர உயரக் குறையும் அல்லவா? அதன்படியே உச்சசுரங்களில் இதன் மின்னெதிர்ப்பு 2 ஓமுக்கும் கீழே இறங்குகிறது. ஆனால் இதற்கு ஏராளமான வாட்டுகளைக் கொடுக்கக்கூடாது. அழுத்தம் எல்லை மீறினால் தகடுகளுக்கிடையே தீப்பொறி பறந்து ஸ்பீக்கர் பழுதாகிவிடும். அந்நிறுவனமே அதனுடன் விற்ற வால்வுப் பெருக்கியின் திறன் 15 வாட்தான். இங்கே தேவைப்படுவது திறனன்று. மின்தேக்கிச் சுமையைக் கண்டு நிலைகுலையாத பண்பு.

ஆக, "கடினமான ஸ்பீக்கருக்கு அதிக வாட்" என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எந்த வகையில் கடினம் என்று கேட்கவேண்டும்.

சூட்டின் காரணம்

மின்தேக்கியும் மின்தூண்டியும் உள்ள சுற்றில் மின்னோட்டமும் மின்னழுத்தமும் ஒரே கணத்தில் உச்சத்தை அடைவதில்லை. அவற்றிடையே கட்ட வேறுபாடு ஏற்படுகிறது. இதனால் பெருக்கியின் வெளியீட்டு டிரான்சிஸ்டர்களுக்குத் தொல்லை மிகுகிறது.

மின்வழங்கி 45 வோல்ட் என்று கொள்வோம். சுமை 4 ஓம் மின்தடையாக இருந்தால், வெளியீடு 40 வோல்ட் உச்சத்தை எட்டும்போது மின்னோட்டமும் 10 ஆம்பியர் உச்சத்தை எட்டும். டிரான்சிஸ்டரின் மீது எஞ்சி நிற்பது 5 வோல்ட்; அதில் வெப்பமாகும் திறன் 50 வாட். கட்ட வேறுபாடு 90 பாகையாகிவிட்டால், மின்னோட்டம் 10 ஆம்பியராக இருக்கும் கணத்தில் வெளியீட்டு அழுத்தம் சுழி. முழு 45 வோல்ட்டும் டிரான்சிஸ்டரின் மேல் விழுகிறது. அக்கணத்தில் அதில் வெப்பமாவது 450 வாட். இது ஓர் எல்லை நிலை. மெய்யான ஸ்பீக்கர்களில் வேறுபாடு பெரும்பாலும் 60 பாகைக்குள் இருக்கும். ஆயினும் மின்னெதிர்ப்புக் குறைந்திருக்கும் அதே அதிர்வெண்ணில் கட்ட வேறுபாடும் மிகுந்திருந்தால், 4 ஓம் ஸ்பீக்கர் பெருக்கியின் கண்ணுக்கு 2 ஓம் போலத் தோன்றும். பாதுகாப்புச் சுற்று குறுக்கிட்டு இசையை நிறுத்துவது இத்தகைய நேரத்தில்தான்.

சிறிய பெருக்கியால் வரும் ஆபத்து

பெரிய பெருக்கி வாங்கினால் ஸ்பீக்கர் எரிந்துவிடும் என்று அஞ்சிச் சிறிய பெருக்கியை வாங்குவோர் உண்டு. இந்த அச்சம் பாதி உண்மை. மறுபாதியையும் தெரிந்துகொள்ளவேண்டும்.

பெருக்கியால் தன் மின்வழங்கியின் அழுத்தத்தைவிட உயர்ந்த அழுத்தத்தை வெளியிட முடியாது. ஒலிக்கட்டுப்பாட்டை மேலும் திருகினால், அலைகளின் முகடுகள் கத்தியால் சீவியது போல வெட்டுப்பட்டுத் தட்டையாகின்றன. ஒரு பாட்டில் தாழ்சுரம் 40 வோல்ட் உயரமும் உச்சசுரம் 4 வோல்ட் உயரமும் கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். பெருக்கியின் எல்லை 40 வோல்ட். இப்போது ஒலியை 6 டெசிபெல் கூட்டுகிறீர்கள். 80 வோல்ட்டாக வேண்டிய தாழ்சுரம் 40-லேயே வெட்டுப்பட்டு நிற்கிறது. உச்சசுரமோ தடையின்றி 8 வோல்ட்டாகிவிடுகிறது. ட்வீட்டருக்குச் செல்லும் திறன் நான்கு மடங்கு! அதுமட்டுமன்று. முகடு வெட்டுப்பட்ட அலையில் புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. 1,000 ஹெர்ட்ஸ் அலை வெட்டுப்பட்டால் 3,000, 5,000 ஹெர்ட்ஸ் அலைகள் தோன்றும். அவையும் கிராஸ்ஓவர் வழியே ட்வீட்டருக்கே போய்ச் சேருகின்றன.

100 வாட் தாங்கும் என்று சொல்லப்படும் ஸ்பீக்கரிலும், ட்வீட்டரின் தலைமயிர் போன்ற மெல்லிய கம்பிச் சுருள் தொடர்ந்து தாங்கக்கூடியது 10 வாட் அளவில்தான் இருக்கலாம். ஆகவே திருமண வீடுகளிலும் விருந்துகளிலும் சிறு பெருக்கியை முழுவதும் திருகிவிட்டு ஆடுபவர்கள், ட்வீட்டரை எரித்துவிடுகிறார்கள். ஒலி கரகரப்பாகவும் காதை உறுத்துவதாகவும் மாறினால் அதுவே எச்சரிக்கை. அக்கணமே ஒலியைக் குறைத்துவிடுங்கள். தேவைக்கு மேல் திறனுள்ள பெருக்கியை அளவோடு பயன்படுத்துவது, திறன் குறைந்ததை அளவுக்கு மீறி வருத்துவதைவிடப் பாதுகாப்பானது.

பெட்டியின்மேல் உள்ள எண்கள்

"1000 வாட் பி.எம்.பி.ஓ." என்னும் வண்ண எழுத்துகளைப் பல ஒலிப்பெட்டிகளில் பார்த்திருப்பீர்கள். இந்த அளவுக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட வரையறை எதுவுமில்லை. விற்பவர் விரும்பியதை எழுதலாம். இதைச் சோதிக்க ஆற்றல் அழியா விதியே போதும். கருவியின் பின்புறத்திலோ அடாப்டரிலோ உள்ள சிறு எழுத்துகளைப் படியுங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றிருந்தால் உள்ளே செல்வது 24 வாட். 24 வாட் உள்ளே போகும் பெட்டியிலிருந்து தொடர்ந்து 1000 வாட் வெளியே வருமா?

அமெரிக்காவிலும் இந்த எண் போட்டி முற்றியதால், அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1974-இல் பெருக்கிகளுக்கென ஒரு விதியைக் கொண்டுவந்தது. 2024-இல் அவ்விதி புதுப்பிக்கப்பட்டது. 8 ஓம் சுமையில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, உருக்குலைவு 1 விழுக்காட்டுக்குள் இருக்கும்போது தொடர்ந்து எத்தனை வாட் தரும் என்று சொல்லவேண்டும் என்பதே அதன் சாரம். நீங்களும் விற்பவரிடம் இதே கேள்வியைக் கேட்கலாம்.

எடையை வைத்து மதிப்பிடலாமா?

பெருக்கியைத் தூக்கிப் பார்த்து, கனமாக இருந்தால் நல்லது என்று முடிவு செய்யும் பழக்கம் ஒன்றுண்டு. "ஏ" வகுப்பு, "ஏபி" வகுப்புப் பெருக்கிகளுக்கு இது ஓரளவு பொருந்தும். "ஏ" வகுப்பின் பயனுறுதிறன் மிஞ்சினால் 50 விழுக்காடு. "பி" வகுப்பின் கோட்பாட்டு எல்லை 78.5 விழுக்காடு, "ஏபி" வகுப்பும் அதற்குள்ளேயே அமையும். எஞ்சியது வெப்பம். ஆகவே அவற்றுக்குப் பெரிய மின்மாற்றியும் பெரிய அலுமினிய வெப்பத் தகடுகளும் தேவை.

இன்று பரவலாகியுள்ள "டி" வகுப்புப் பெருக்கிகளின் டிரான்சிஸ்டர்கள், ஒரு வினாடிக்குப் பல இலட்சம் முறை முழுவதும் திறந்து முழுவதும் மூடும் சாவிகளாக இயங்குகின்றன. பயனுறுதிறன் 90 விழுக்காட்டை எட்டுகிறது. சாப்பாட்டு டப்பா அளவிலான பெட்டியிலிருந்து சில நூறு வாட் பெறமுடிகிறது. இவற்றில் நல்லவை, குறைந்த மின்னெதிர்ப்பையும் எளிதில் இயக்குகின்றன. எனவே எடையை விட்டுவிட்டு அளவுகளைக் கேட்பதே முறை.

வாங்குமுன் செய்யவேண்டியவை

1. முதலில் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள். பெருக்கி அதற்கேற்ப அமையட்டும்.

2. ஸ்பீக்கரின் உணர்திறன், நீங்கள் அமரும் தொலைவு, விரும்பும் உரப்பு ஆகியவற்றைக் கொண்டு மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். சிறிய அறையில் தாழ்ந்த ஒலியில் கேட்பவருக்கு 30 வாட்டே போதுமானதாக இருக்கலாம்.

3. ஸ்பீக்கரின் பெயரளவு ஓமை மட்டுமன்றி, மிகக் குறைந்த மின்னெதிர்ப்பையும் கேளுங்கள். அது 4 ஓமுக்குக் குறைவானால், 4 ஓமிலும் 2 ஓமிலும் பெருக்கியின் திறன் என்ன என்று பாருங்கள். 4 ஓம் அளவு 8 ஓம் அளவைப்போல் ஏறத்தாழ இருமடங்காக இருந்தால் நல்லது.

4. 50 வாட்டா 60 வாட்டா என்று மனத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்த வேறுபாடு 1 டெசிபெலுக்கும் குறைவு.

5. இணைப்புக் கம்பியில் கஞ்சத்தனம் வேண்டாம், ஆடம்பரமும் வேண்டாம். 5 மீட்டர் தொலைவுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை, போகவர 0.11 ஓம். 0.5 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் 0.34 ஓம், 2 ஓம் ஸ்பீக்கருக்கு அதில் அழுத்தத்தின் ஏழில் ஒரு பங்கு வீணாகிவிடும். மின்கடையில் கிடைக்கும் பருமனான சாதாரணச் செம்புக் கம்பியே போதும்.

6. பெருக்கியைச் சுற்றிக் காற்றோட்டம் இருக்கட்டும். அதன்மேல் துணி போர்த்தாதீர்கள்.

7. உங்கள் காதுகளுக்கு மாற்று உறுப்பு இல்லை. அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் தொழிற்கூடங்களுக்குப் பரிந்துரைத்த எல்லைப்படி, 85 டெசிபெலில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் உயர்வுக்கும் அந்நேரம் பாதியாகிறது; 100 டெசிபெலில் 15 நிமிடமே. திறன் மிக்க பெருக்கி கணநேர முகடுகளுக்காகவே. மணிக்கணக்கில் அலறவிடுவதற்காக அன்று.

அடுத்தமுறை கடையில் "எத்தனை வாட்?" என்று கேட்கும்போது, "எத்தனை ஓமில்? எவ்வளவு உருக்குலைவில்? தொடர்ந்து எவ்வளவு நேரம்?" என்னும் மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். விடை சொல்லத் தயங்கும் கருவியை விட்டுவிட்டு, இம்மூன்றுக்கும் தெளிவான எண்களைத் தரும் கருவியை, அது சிறிய எண்ணாகவே இருந்தாலும், எடுத்து வாருங்கள்.